சத்தம் போடாத எழுத்து

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
இ-சேவை மையத்தில் எனக்கு வேலை.
எங்கள் ஊரை இங்கிலீஷில் அடிக்க
முதலில் ஒரு ஹெச் போட வேண்டும்.
ஊரில் ஒரு வாயும் அதைச் சொல்வதில்லை.

கடனுக்கு அவர்கள் எழுதும் சொல்லில்
பி பிறகு வந்தது.
லத்தீன் வீட்டுச் சொந்தம் என்று காட்டப்
படித்தவர்கள் நடுவில் செருகினார்களாம்.
வாயில் வராது, தாளில் இருக்கும்,
என் குழுக்கடனின் சர்வீஸ் சார்ஜ் மாதிரி.

கத்திக்கு முன்னால் நிற்கிற கே
அப்படியில்லை.
ஒரு காலத்தில் பேசிய எழுத்து அது.
நாக்கு விட்டுவிட்டது,
கை விடவில்லை.

நேற்று சர்வர் படுத்திருந்த மத்தியானம்
தீர்த்தமலையிலிருந்து மாதம்மா வந்தாள்,
ரேஷன் கார்டில் போன் நம்பர் மாற்ற.
இரண்டாவது வரியில் இன்னும்
தீர்த்தகிரி, வயது ஐம்பத்தொன்று.
போய் நாலு வருஷம்.

"பேரை எடுத்துரலாமாக்கா?"

"அரிசி கொறையுமா?"

"அஞ்சு கிலோ."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.
"அரிசி கெடக்குது.
இருந்துட்டுப் போவுது வுடு.
என்னா, சத்தமா போடுது?"

மூன்றரைக்கு சர்வர் வந்தது.
நம்பரை மட்டும் மாற்றினேன்.