நகக்கண்

மாத்திரை தொடங்கிப் பத்தாம் நாள்
மூக்கைச் சுற்றிச் சிவந்து கிளம்பியது.
பதினாலு வயசில் வராத பரு
நாற்பத்தொன்பதில்.

பிரமாச்சி மைனி எட்டிப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் போனாள்.
விடிந்தால் நிலையில் வேப்பிலைக் கொத்து.
செருப்பைக் கழற்றிவிட்டு
என் முன்னால் கைகூப்பி நிற்கிறாள்.
நுரையீரலில் இருப்பதை
தெருவில் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.
ஆத்தா இல்லை மைனி, மாத்திரை
என்று வாய்வரை வந்தது.
இளநீரை நீட்டினாள், குடித்துவிட்டேன்.
மூணு நாள் முக்கூடலில் எங்கள் தெரு
சத்தமாய்ப் பேசவில்லை.
பக்கத்து அடுப்பில் தாளிப்பு இல்லை.
நான் நன்றாய்த் தூங்கினேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எப்சிபா சிஸ்டர்
தாளில் எழுதித் தந்தாள்.
கொதிதண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும்.
குளித்த ஈரம் காயுமுன் களிம்பு.
கிள்ளக் கூடாது.
பருவுக்கு விற்கிற கிரீம் கூடவே கூடாது.
வெயிலுக்கு முன் வெள்ளைப் பூச்சு.
"எங்க ஊர்ல வெயிலுக்கு முன்னன்னா
எத்தனை மணி சிஸ்டர்?"
சிரித்தாள்.
"மருந்து வேலை செய்யற பலபேருக்கு
இப்படி வரும்" என்றாள்.
அதை மட்டும் தாளில் எழுதவில்லை.

முதல் நாள் பெரிய டாக்டர் கேட்டார்,
பீடி சிகரெட் உண்டா என்று.
சுற்றுவேன் என்றேன்.

இரண்டாம் மாதம் நகக்கண்.
கட்டைவிரல் ஓரம் வீங்கி
சதை நகத்தின்மேல் ஏறிக்கொண்டது.
பீடியின் வாயை மடக்கித் தள்ள
அந்த நகம்தான் வேணும்.
இருபத்தாறு வருஷமாய்
கொஞ்சம் நீளமாய், ஓரம் கூராய்
அதற்கென்றே வளர்த்தது.
நேராய் வெட்டினேன்.
மருந்து கலந்த தண்ணீரில்
பத்து நிமிஷம் ஊறவைத்தேன்.
சுபிதா பருத்தி உறை தைத்தாள்,
பள்ளிக்கூடத்துப் பழைய பாவாடையில்.
உறையோடு இலை நிற்கவில்லை,
உறையில்லாமல் தொட்டால் நெருப்பு.
ஆயிரத்தில் நூற்றெழுபது கழிவு.
கடைக்காரர் முறத்தைச் சாய்த்துக் காட்டினார்,
பேசவில்லை.

அன்று மத்தியானம் மைனி வந்தாள்.
உறையைப் பார்த்தாள்.
மருந்துச் சீட்டை, களிம்பை,
நீண்டு கண்ணில் குத்தும் என் இமைமயிரைப் பார்த்தாள்.
அதுவும் மாத்திரைதான்.
முறத்தை இழுத்துத் தன் மடியில் வைத்து
ஒவ்வொரு வாயாய் மடக்கத் தொடங்கினாள்.
சொன்னேன். எல்லாவற்றையும்.
எந்த நுரையீரல், எத்தனை சென்டிமீட்டர்,
அடுத்த ஸ்கேன் எப்போது.
நூறு பீடிவரை அவள் நிமிரவில்லை.
பிறகு,
கட்டின நூலைப் பல்லால் அறுத்துவிட்டு:

"ஏளா,
அப்போ அன்னைக்கு மூணு நாள்
நான் தாளிக்காமக் கெடந்தது?"