பதினொரு நொடி வெள்ளை

தெட்சிணாமூர்த்தி சொன்னது இவ்வளவுதான்:
"இடும்பாவனத்துல வரப்புல நின்னுக்கிட்டு
நம்ம பக்கத்தைத் திறந்திருக்கான். வெறும் வெள்ளை.
பார்ட்டி வேற வண்டிக்குப் போயிட்டான்."

அவருக்கு இரண்டு பெல்ட் வண்டி, ஒரு டயர் வண்டி.
தை பிறந்து ஒன்பது நாள். சம்பா சாய்ந்து கிடக்கிறது.
வேதாரண்யம் பக்கம் மேகம் வேறு.

கூத்தாநல்லூர் மாடியில்
என் கணினிக்கு ஒன்றரை நொடியில் திறந்தது.
ஃபைபர் பொய் சொல்லும்.
ஒற்றைக் கோடு சிக்னல் என்று அதை நடிக்கவைத்து
மறுபடி திறந்தேன்.
வெள்ளை.
இஷாவுக்குப் பாங்கு தொடங்கியது.
முதல் இரண்டு தக்பீர், ஒரு மூச்சு,
அடுத்த இரண்டும் முடிந்தன.
வெள்ளை.

எழுத்துகள் எப்போதோ வந்துவிட்டன,
அதுதான் வயிற்றெரிச்சல்.
மணிக்கு எவ்வளவு, எந்த ஊர்வரை, எந்த எண்,
எல்லாம் வந்து வாசலில் நிற்கின்றன.
பிரவுசர் விடாது.
தலைமாட்டில் குறித்த ஸ்டைல்ஷீட் அத்தனையும் சேராமல்
ஓர் எழுத்தையும் வரையாது.
வராத சம்பந்திக்காக
வந்தவரையெல்லாம் பட்டினி போடும் கல்யாண வீடு.

எண்ணினேன். இருபத்து மூன்று.
படம் நகர ஒன்று; இங்கே நகரும் படமே இல்லை.
நட்சத்திர மதிப்பீட்டுக்கு ஒன்று; மதிப்பிட்டவர் யாருமில்லை.
ஒரே ஒரு தொலைபேசிச் சின்னத்துக்காக
ஏழாயிரம் சின்னங்களின் மூட்டை.
விற்பனைக் கூடைக்கு மூன்று.
அப்புறம், பனி.
முன்பு செய்தவன் ஏதோ டிசம்பரில் போட்ட பனிப்பொழிவு.
அணைத்துத்தான் வைத்திருக்கிறான், அரைகுறையாக.
பனியின் நிறமும் வேகமும் பருமனும்
முத்துப்பேட்டை டவர் வழியாக இன்னும்
ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டிருக்கின்றன
யார் கண்ணிலும் படாமல்.

"தூர் வாரணும்னு சொல்லுங்க" என்றார் போனில்.
ஆமாம் என்றேன்.
ஆகாயத்தாமரை தானாக வரும்.
இது ஒவ்வொன்றாக ஒருவர் ஆசைப்பட்டு வைத்தது.
அந்த ஒருவர் யாரென்று சொல்லவில்லை.
பில் பாக்கி இருக்கிறது.

ஒன்பதாவதை எடுத்தபோது தொலைபேசி எண் காணாமல் போனது.
போகவில்லை, இருந்தது,
வெள்ளையில் வெள்ளையாக.
அதன் பச்சைப் பின்னணி கூடையிடம் இரவல் வாங்கியதாம்.
யார் யாரிடம் கடன் என்று தேடி
மணி மூன்று.
கடைசியில் தேவைப்பட்டது நாற்பது வரி.
பக்கத்துக்குள்ளேயே எழுதிவிட்டேன்.

காலையில் இரண்டு நொடி.
"சட்டுனு வருதும்மா மெஹரு,
ஆனா அறுத்த வயலாட்டம் இருக்கே" என்றார்.
அறுப்பு வண்டிக்காரர் வாயில் அது குறையா, பாராட்டா?
கேட்பதற்குள் வேறு அழைப்பு வந்து வைத்துவிட்டார்.

மதியம் தூறல்.
இடும்பாவனத்தார் திரும்ப வந்து பார்த்தாரா, தெரியாது.
அதைச் சொல்லும் பிளகினையும்
நேற்றிரவே எடுத்துவிட்டேன்.