இருபத்திரண்டு கிளிக்

பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்ற இரண்டு இரவுகள் போயின.
பதினொரு பனிக்காலத்து உப்பு
போல்ட்டையும் நட்டையும் ஒரே இரும்பாக்கியிருந்தது.
எண்ணெய் அடித்து, நெருப்புக் காட்டி,
ஸ்பனரின் பிடியில் குழாய் செருகி
என் முழுப் பாரத்தையும் அதில் தொங்கவிட்டேன்.
விட்டது என்று நினைத்தேன்.
விட்டது என் முழங்கைத் தோல்.

ஏஜாக்ஸில், கராஜின் சிமெந்தில்
மல்லாந்து கிடந்து பார்த்தால்
காருக்கும் ஓர் அடிவயிறு உண்டு.
அந்தத் துருவுக்கு நடுவே இப்போது
மஞ்சளாய் நான்கு புது டாம்பர்கள்.
ஒவ்வொன்றின் தலையிலும் விரல்நுனி அளவில் ஒரு குமிழ்.
வலம் திருகினால் இறுகும், இடம் திருகினால் இளகும்.
திருகத் திருக
வெட்டியில் பாக்கு நறுக்குவதுபோல் சத்தம்.

இறுக்கினேன்.
இரண்டு சென்ரிமீற்றர் பதித்தேன்.
ஏரிக்கரை வரை போய்வந்தோம்.
சுதர்சினி வீட்டு வாசலில் இறங்கி
இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"உரலுக்குள்ள ஏறி இருந்திட்டு
உலக்கைக்குப் பயப்பிடக் கூடாதுதான்."

வெள்ளி இரவு அவளுடைய வானின் கியர்பொக்ஸ் போனது.
சனி மூன்று மணிக்கு ஸ்காபரோவில் ஒரு வரவேற்பு.
நான்கு தட்டுக் கேக்,
சீனியில் செய்த இருநூறு ரோசா இதழ்கள்,
மூன்று நாள் அவள் நித்திரை கொள்ளாத கேக்.
ஞாயிறு எனக்கு மோஸ்போர்ட்,
ஜனவரியிலேயே காசு கட்டிய ஞாயிறு.

அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
"எத்தினை கிளிக் குறைக்கலாம்?"

இருபத்திரண்டு.
கோட்டுச் சூட்டோடு முன்னால் இரண்டு முறை குனிந்தேன்.
பின்னால் குமிழ்கள் பூட்டுக்குள்;
தட்டுகளையும் கத்திகளையும் ஒதுக்கி
கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கித் திருகினேன்.

கீழிரண்டு தட்டும் பூட்டில். மேலிரண்டும் அவள் மடியில்.
கிங்ஸ்ரன் ரோட்டில் நாற்பதில் போனேன்.
பின்னால் ஒரு லொறிக்காரன்
தன் பரம்பரைக் கோபத்தையெல்லாம் ஹோர்னில் இறக்கினான்.
ஏப்ரல் தோண்டி மே மூடாத குழிகள்.
எதற்குத் தப்பி எதில் விழுவது என்பதுதான் கேள்வி.

பாலம் தாண்டியதும் ஒன்று. பெரியது.
சில்லு இறங்கியது, ஏறியது,
இரண்டாம் முறை ஏறவில்லை.
குழி ஒன்றென்றால் குலுக்கலும் ஒன்று.
அவ்வளவுதான் டாம்பரின் வேலை:
நடந்ததை
நடந்த இடத்திலேயே முடித்துவிடுவது.
வீட்டில் எங்கள் இருவருக்கும் அது வராது.
1998இல் தவறவிட்ட ஒரு பிறந்தநாளில்
இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஓர் இதழ் விழுந்தது.
எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு.
திருப்பி இறுக்க மறந்துபோனேன்.
இரண்டாம் வளைவு, கண்ணுக்குத் தெரியாமல்
மலையிலிருந்து இடப்பக்கம் விழும் வளைவு.
கார் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது.
ஒரு கணம் யோசித்தது.
என் வாயில் இரும்பு ருசி.
பிறகு நான்கு ரயர்களும் ஒன்றாக
ரோட்டைக் கவ்விக்கொண்டன.

பிட்டுக்கு வந்து முன்னிரண்டை மட்டும் இறுக்கினேன்,
அதுவும் பத்துக் கிளிக்.
பின்னிரண்டையும் தொடவில்லை.
பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரன், டேரல்,
மணிக்கூட்டைக் காட்டிக் காரணம் கேட்டான்.
பின்னேரம் வெயில் பிழை என்றேன்.
உண்மையில் எனக்கும் தெரியாது.
நேரம் குறைந்ததா? இல்லை.
கூடினதா? அதுவும் பெரிதாக இல்லை.

ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு
வலப் பின்மூலையில் ஒரு டக்.
ஒவ்வொரு மேட்டிலும் டக்.
வழி முழுக்க ரேடியோவை நிறுத்திக் கேட்டேன்.
வந்ததும் ஜாக்கி வைத்து, சில்லைக் கழற்றி,
மேல் நட்டு, கீழ் போல்ட்டு, ரப்பர் புஷ்,
எல்லாவற்றையும் அளவுக் கம்பியால் இறுக்கினேன்.
மறுபடி ஓட்டினேன். டக்.
இரவு பதினொன்றரைக்கும் நான் காருக்கடியில்.

கராஜ் கதவில் அவள் செருப்புகள் மட்டும் தெரிந்தன.
"என்னப்பா, என்ர ஐசிங் கத்தியைக் கண்டனீங்களோ?
உங்கட பூட்டுக்குள்ளதான் வைச்சனான்."