பூஜ்ஜியம்

பாடி மேம்பாலத்துக்குக் கீழே, பெட்ரோல் பங்க் ஓரம்
என் ஆம்னி வேன் நின்றது நின்றபடி கிடந்தது.
பக்கவாட்டில் மஞ்சள் எழுத்து:
புகைப் பரிசோதனை மையம். அரசு அங்கீகாரம் பெற்றது.
புகைதான் இல்லை.

சைலன்சருக்குள் செருகும் குழாயை
எலி கடித்துவிடும் என்று வீட்டுக்கு எடுத்துவந்து
பீரோ மேல் சுருட்டி வைத்தேன்.
பாம்பாப்பா, என்றாள் கெசியா.
ஆமாம், சோறு போடுற பாம்பு.

ஏப்ரல் மூன்றோ நான்கோ,
நீலக் குப்பியை உறிஞ்சாமலே அவள் தூங்கிப்போனாள்.
நெஞ்சில் விசில் இல்லை.
சலோமியும் நானும் விழித்தே கிடந்தோம்,
சத்தம் வராத இரவு எங்களுக்குப் பழக்கமில்லை.
குப்பியின் முதுகில் மீதியைக் காட்டும் எண் ஒன்று உண்டு.
நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.
மே முழுக்க நூற்றுப் பன்னிரண்டு.
பாஸ்புக்கில் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி
லேத் பட்டறை தணிகாசலம் கூப்பிட்டார்.
தெற்கே, கட்டடங்களுக்குப் பின்னால்,
யாரோ துடைத்து வைத்ததுபோல் பரங்கிமலை.
இவ்ளோ கிட்டயாப்பா இருந்துச்சு?
அவருடைய கஞ்சாம் பையன்கள் மூன்று பேர்
நடந்தே கிளம்பிவிட்டார்கள்.
கும்மிடிப்பூண்டி தாண்டியதும் போன் அணைந்ததாம்.
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.
மலை நல்லாத்தான் இருக்கு, என்றார்.
அதக் காட்டி இஎம்ஐ கட்ட முடியாதே.

ஒருநாள் வேலையற்ற கை சும்மா இராமல்
மெஷினை ஜன்னலோரம் வைத்து ஓடவிட்டேன்.
அப்போதுதான் உறைத்தது.
எந்த வண்டியைத் தொடும் முன்னும்
அது சுற்றியிருக்கும் காற்றைக் கொஞ்சம் இழுக்கும்.
இழுத்ததை பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளும்.
மிச்சமெல்லாம் அதற்குமேல் எண்ணுவதுதான்.
பதினோரு வருஷம்
பாடி சிக்னலின் மதியத்தை
பூஜ்ஜியம் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்,
முத்திரையோடு, என் கையெழுத்தோடு.
சலோமியிடம் சொல்ல நினைத்தேன்.
அவள் கம்மலை டப்பாவில் போட்டு
எடைக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

ஜூலையில் முதல் வண்டி. டீசல் ஷேர் ஆட்டோ.
முறுக்கியதும் கரி என் முகத்தில் அடித்தது.
அந்த வாசனைக்கு, சொல்ல வெட்கம்,
வாயில் எச்சில் ஊறியது.
பாத்துப் போடுங்கண்ணே, என்றார் இப்ராம்சா.
மூணு மாசமா வண்டி வீட்டு வாசல்ல.
இஞ்சினுக்கு எங்க போவேன்?
இரண்டாம் முறை, ஆக்சிலேட்டரை மெல்லத் தொடச் சொன்னேன்.
அளவுக்குள், என்று தாள் வந்தது.
அந்தக் காசில் அரிசியும் அரை லிட்டர் பாலும்.

மழை வருமுன்பே ஒரு ராத்திரி அந்த விசில் திரும்பியது.
இருட்டில் தடவி எடுத்து அழுத்தினேன்.
நூற்றுப் பதினொன்று.

காலையில் போய் மெஷினைப் போட்டேன்.
மேலே பாலத்தில் லாரிகள் வரிசைகட்டியிருந்தன.
ஒரு நிமிஷம் அந்தக் காற்றை இழுத்துப் பார்த்துவிட்டு
0.00 என்றது.
தயார்.