நாற்பத்தொன்றாவது அடி

டுலூத்தில் ஏப்ரல். தெருவோரப் பனி
இன்னும் கறுத்துக் கிடக்கிறது.
சோரன்சன் வீட்டு அடித்தளத்தில் மண்டியிட்டு
கேமராவைக் கழிவுக்குழாய்க்குள் விடுகிறேன்.
வீடு விற்கச் சான்றிதழ் வேண்டும். சட்டம்.

சுட்ட மண் குழாய், நூறு வயதிருக்கும்.
பத்தடி: சுத்தம்.
இருபத்திரண்டு: மூட்டில் விரிசல், எலிவால் அளவு.
ஹில்ட்ரெத் திரையை எட்டிப் பார்த்து
"இதன்மேலா இத்தனை நாள் தூங்கினோம்?" என்கிறாள்.

நாற்பத்தொன்றில் கேமரா நிற்கிறது.
வேர்.
ஈரத்தாடி போல் குழாயை அடைத்துக்கொண்டு
ஓடும் நீரில் லேசாக அசைகிறது.

வாசலில் அந்த மேப்பிள்:
நகராட்சி மரம், எண் தகடு அடித்தது.
கிளை ஒடித்தாலும் அபராதம்.
குழாயோ நடுத்தெரு வரை அவளுடையது,
உடைந்தால் செலவும்.

"அப்போ வேர் யாருடையது?"
படிவத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.
அதற்குக் கட்டமில்லை.
'தேர்ச்சியில்லை' என்பதில் குறியிட்டுக்
கையெழுத்து வாங்குகிறேன்.
பேனா எழுதவில்லை; அவளே வேறு கொண்டுவந்தாள்.

வண்டியில் கேபிளைச் சுற்றும்போதுதான் கண்டேன்,
தெருவில் மற்ற மரமெல்லாம் வெறுங்கம்பாக நிற்க
இது மட்டும்
அவள் பாத்திரம் கழுவிய தண்ணீரில்
நுனிவரை சிவந்திருந்தது.