நத்து

கறுப்புப் புள்ளிக்கு இங்கே நத்து என்று பெயர்.
வைரத்துக்குள் இருந்தால் விலை இறங்கும்.
கண்ணுக்குள் இருந்தால் என்ன இறங்கும் என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.

பாந்த்ராவில், ஒன்பதாம் மாடியில்,
வடக்குப் பார்த்த ஜன்னலோரம்
வெள்ளைத் தாள் விரித்த மேசை எனக்கு.
ஒரு கையில் ஐகிளாஸ், ஒரு கையில் சிம்டி.
கடுகில் பாதி இருக்கும் கல்லைத் தூக்கிப் பார்த்து
நல்லது இந்தப் பக்கம், நத்து அந்தப் பக்கம்.
நாளைக்கு அறுநூறு கல்.
இந்த மாடியிலேயே கூர்மையான கண்
இந்த இருபத்து மூன்று வயசுக்காரியுடையது என்று
ஹேதல் பென்னே சொல்லியிருக்கிறாள்.

போன அக்டோபர் வெயிலில்
தாளின் மேல் ஒரு முடி.
ஊதினேன், போகவில்லை.
விரலால் தள்ளினேன்,
தள்ளிய விரல் மேலேயே ஏறி நின்றது.
குர்லா பஸ்ஸில் உரசுகிறவன் மாதிரி
முறைத்தால் நகர்ந்துகொள்கிறது
திரும்பினால் நெருங்குகிறது.

சயான் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள்.
பாவை விரிந்து
வராந்தா முழுக்கப் பால் கொட்டிய மாதிரி ஆனது.
டாக்டர் பருலேகர்
என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.
'கண்ணுக்குள் இருக்கும் கூழ் திரிகிறது,
நூல்நூலாகப் பிரிகிறது, அதன் நிழல்தான்.
மின்னலடித்தால் ஓடி வா.
திரை விழுந்தால் ஓடி வா.
மற்றபடி பழகிக்கொள்.'
எத்தனை நாளில் பழகும் என்று கேட்டேன்.
எனக்கும் இருக்கிறது என்றாள்,
அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

கண்ணுல பூச்சி பறக்குதும்மா என்றேன் வீட்டில்.
ரத்தமில்லை என்று
அம்மா பேரீச்சம்பழம் வாங்கி வந்தாள்.
கால் கிலோ தீர்ந்தது.
பூச்சி தீரவில்லை.

ராத்திரி விளக்கை அணைத்தால் ஒன்றுமே இல்லை.
இருட்டு அவ்வளவு சுத்தமான கல்.
அதைத் தரம் பிரிக்க
ஆன்டாப் ஹில்லில் யாரும் கூலி கொடுப்பதில்லை.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்.
கல்லைத் திருப்பினால்
கல்லின் நத்து கல்லோடு திரும்பும்.
கண்ணைத் திருப்பினால்
என் நத்து என்னோடு வரும், சற்றுப் பின்தங்கி,
தூக்கக் கலக்கத்தில் பள்ளிக்கு நடக்கும் தம்பி மாதிரி.
ஒரு கல்லுக்கு இரண்டு நொடி கூடுதல்.
அறுநூறு ஐந்நூறானது.
ஹேதல் பென் கணக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவசரத்தில்
அந்த இரண்டு நொடியை மிச்சம் பிடித்தேன்.
வியாழக்கிழமை ஒரு கல் திரும்பி வந்தது.
நட்டநடுவில் நத்து,
மைக்ராஸ்கோப்பில் கரப்பான் அளவுக்கு.
இதை எப்படி விட்டாய் என்றார் ஜயேஷ்பாய்.

பார்த்தேன் பாய்,
என்னுடையது என்று நினைத்துவிட்டேன்.

அறை அடங்கிப் போனது.
அந்த மாடியில் யாரும் சொல்லக் கூடாத வாக்கியம்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
கூரையிலிருந்த கேமராவும் என் பக்கம் திரும்பியதோ,
இல்லை, நான்தான் கண்ணைத் திருப்பினேனோ.

அன்று வாசலில் சோதனை நீண்டது.
செருப்பை உதறினேன். பின்னலை அவிழ்த்தேன்.
டிபன் டப்பாவின் ரப்பரைக்கூட உருவிப் பார்த்தார்கள்.
நகக்கண் ஒவ்வொன்றிலும்
டார்ச் அடித்தாள் செக்யூரிட்டி சுரேகா.
நகக்கண்ணோடு நிறுத்திக்கொண்டாள்.
ஆறேழு நத்தோடு வெளியே வந்தேன்.

சம்பளத்தில் ஆயிரத்து எண்ணூறு பிடிப்பார்களாம்,
ஹேதல் பென் மெசேஜ்.
அதற்குக் கீழே, தனியாக:
கண்ணைக் காட்டினாயா?

பஸ் ஸ்டாப்பில், மித்தி ஆற்றுக்கு மேலே,
வானம் இன்னொரு வெள்ளைத் தாள்.
அதிலும் புள்ளிகள்.
பழக்கத்தில் கண்ணை இடப்பக்கம் ஓட்டினேன்.
எல்லாம் கூடவே வந்தன.
ஒன்று மட்டும் வரவில்லை.

பருந்து.

பஸ் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
மற்றவை குறுக்கும் நெடுக்கும்
போய் வந்துகொண்டிருக்க.