பதினோரு ஆனா

ஜாலான் ஈப்போவில் டயர் கடைக்கு மேலே
மூன்றாவது மாடி.
குளிர்சாதனத்துக்கு அடியில் ஒரு மைலோ டின்.
அது நிறைந்தால் மணி நாலு.

இரண்டு திரை, ஒரு ஹெட்போன்,
எழுத்து அழிந்துபோன விசைப்பலகை.
'சி' இருந்த இடம் வழுக்கை.
சி என்றால் கத்தி.

கேட்டது மூன்று நிமிடப் படம்,
வீடு கட்டிய நிறுவனத்தின் பத்தாம் ஆண்டு விருந்துக்கு.
கைக்கு வந்ததோ
சவரிமுத்து பேசிய நாற்பத்தேழு நிமிடம்.
செந்தூல், பதினாலாவது மாடி,
பச்சை பிளாஸ்டிக் நாற்காலி,
பின்னால் மாதா படத்தைச் சுற்றிச் சின்ன விளக்குகள்.
கேமராவைப் பாருங்கள் என்றால்
கேமராக்காரனைப் பார்த்துப் பேசுகிற மனிதர்.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா
லிஃப்டு மாசத்துல பாதி நாளு செத்துக் கெடக்கும்."
"காத்து நல்லா வருது. ஆனா
கீழ குப்பைத் தொட்டி."
"புள்ளைங்களுக்குத் தனி ரூம்பு. ஆனா
புள்ளைங்க இப்ப சிங்கப்பூருல."

எண்ணினேன். பதினோரு ஆனா.

ஒலியின் அலைக்கோட்டில் பார்த்தாலே தெரியும்:
முதலில் மூச்சின் சிறு மேடு,
பிறகு சௌக்கிட் சந்தையில் படுத்திருக்கும்
கெம்பூங் மீன் மாதிரி ஒன்று.
தலைக்கு முன் ஒரு வெட்டு,
வாலுக்குப் பின் ஒரு வெட்டு.

வெட்டிய இடத்தில் முகம் துள்ளும்.
மறைக்கப் படங்கள் உண்டு: ஊஞ்சல்,
பால்கனியில் காயும் பள்ளிச் சட்டை,
லிஃப்டுப் பொத்தானை அழுத்தும் ஒரு விரல்
(ஓடிய நாளில் எடுத்தது).

காதுதான் லேசில் ஏமாறாது.
அதற்காகவே ஒலிப்பதிவுக்காரர் இங் ஹுவாட்
எல்லாரையும் இருமாமல் நிற்கவைத்து
அறையை மட்டும் பதிந்து தந்திருந்தார்.
யாரும் பேசாத வீட்டின் முப்பது வினாடி.
மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு டிக்.
தூரத்தில் கொம்யூட்டர் ரயில்.
பக்கத்து வீட்டுக் குக்கர்.
அதை நறுக்கி
ஒவ்வொரு ஆனா இருந்த குழியிலும் போட்டு
இரு முனையிலும் நான்கு ஃப்ரேம் கரைத்தேன்.
தையல் தெரியவில்லை.

அவர் வீட்டு மௌனத்தை எடுத்தே
அவர் வாயை அடைக்கிறேன் என்று
அன்றைக்குத் தோன்றவில்லை.
அன்றைக்குத் தோன்றியது
ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்பது,
கரண்டு பில்,
'ஃபைனல் ஆறு எங்கே' என்ற வாட்சாப்.
அனுப்பினேன். ரொம்ப இயல்பாக இருக்கிறதாம்,
புவான் ரொஸீத்தா மலாயில் எழுதி
மூன்று பூவும் போட்டிருந்தார்.

எதையும் அழித்துப் பழக்கமில்லை எனக்கு.
பதினொன்றையும் 'மிச்சம்' என்ற கோப்புறையில் சேர்த்தேன்.
ஒரு ராத்திரி ரெண்டர் ஓடுகிற நேரம்
வரிசையாய் ஓடவிட்டேன்.
ஆனா ஆனா ஆனா ஆனா
ஒன்றாம் வகுப்பு மாதிரி.
ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா
அப்படித்தானே கத்தினோம்.
முதல் எழுத்துக்கும் அதே பேர்.
பதினோரு தடவையும்
ஒரு தொடக்கத்தை வெட்டியிருக்கிறேன்.

விருந்து முடிந்த மறுநாள் அழைப்பு.
நம்பரை எங்கே பிடித்தாரோ.

"தங்கச்சி, படம் பாத்தேம்மா.
அம்மாம் பெரிய திரையில நம்ம மூஞ்சி.
நல்லாப் பேசியிருக்கேன்ல?
எல்லாரும் கைதட்டுனாங்க, சோறும் நல்ல சோறு.
ஆனா"

அங்கேயே நின்றார்.

என் இடது கை, சத்தியமாக,
'சி' இருந்த இடத்துக்குப் போயிற்று.

அவர் பேசவில்லை. நானும்.
ஃபோனுக்குள் மின்விசிறி. ஒன்று, இரண்டு,
டிக்.
ரயில் போய்விட்டது.
குக்கர் இன்னும் வரவில்லை.
அந்த அறை எனக்கு மனப்பாடம்,
முப்பது வினாடிவரை.

முப்பத்தோராவது வினாடியை
இப்போதுதான் கேட்கிறேன்.